காட்ஃபாதர் முதல் முறை பார்க்கிறீர்களா? யார் யாருடைய ஆள் என்பதில் தொடங்குங்கள்

அமெரிக்க மாஃபியாக் குடும்பம் ஒன்றின் கதையான ‘காட்ஃபாதர்’ படத்தை எல்லோரும் புகழ்கிறார்களே என்று உட்கார்ந்து, ஒரு மணி நேரம் கழித்து “இவர் யாரு? அவரை ஏன் இப்பக் கொன்னாங்க?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்த வழியாக வந்தவன்தான். பார்சினி என்பவர் யார், அவருக்கும் கதைக்கும் என்ன சம்பந்தம் என்பது எனக்குப் பிடிபடவே ரொம்ப நாளாயிற்று.

புரியாமல் போவதற்கு உங்கள் ஆங்கிலத்தைக் குறை சொல்லாதீர்கள். இந்தப் படத்தில் வருகிறவர்கள் மனதில் இருப்பதை வாயால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் உயிர் போகும், இல்லையென்றால் கோர்ட்டில் சாட்சியாகும். ஒரு கட்டளை தலைவர் வாயிலிருந்து கிளம்பி மூன்று நான்கு பேரிடம் கைமாறித்தான் துப்பாக்கிக்காரனிடம் போய்ச் சேரும். அதனால் வசனத்தின் பொருளை மட்டும் பிடித்தால் போதாது. பேசுகிறவர் யாருடைய ஆள், யாருக்காகப் பேசுகிறார் என்று தெரிந்துகொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கீழே 1 முதல் 5 வரை படம் பார்ப்பதற்கு முன்பே படிக்கலாம். 6லிருந்து கதை முழுக்க வெளியே வந்துவிடும். அங்கே நிறுத்திவிட்டுப் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

1. எந்தப் பதிப்பு, எத்தனை மணி நேரம்

முதல் பாகம் 1972இல் வந்தது, 2 மணி 55 நிமிடம். இரண்டாம் பாகம் 1974, 3 மணி 22 நிமிடம். இரண்டையும் ஒரே ராத்திரியில் பார்க்க நினைக்காதீர்கள். இரண்டாம் பாகம் பாதியில் தூங்கி வழிவீர்கள், அங்கேதான் மிகச் சிக்கலான பேச்சுகள் இருக்கின்றன.

ஓடிடியில் உங்கள் சந்தாவுக்குள் இருந்தால் செலவில்லை. ஆனால் இந்தப் படங்கள் ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு அடிக்கடி இடம் மாறும், பார்க்கப் போகும் அன்று தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். வாடகைக்கு எடுப்பதானால் ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான தளங்களில் பார்க்கத் தொடங்கியதிலிருந்து 48 மணி நேரம்தான் கெடு. புரியாத காட்சிகளுக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்பதால் சனிக்கிழமை காலையில் ஆரம்பியுங்கள். ஞாயிறு மாலை சில காட்சிகளை மறுபடி பார்க்க நேரம் இருக்கும். புதன்கிழமை இரவு ஆரம்பித்தால் வாடகை வீண்.

இரண்டு பாகங்களையும் வெட்டி, கால வரிசைப்படி ஒட்டி 1977இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக ஒரு பதிப்பு செய்தார்கள். அது கையில் கிடைத்தாலும் முதல் தடவைக்கு வேண்டாம். “வரிசையாகப் பார்த்தால் சுலபமாகப் புரியும்” என்று நண்பர்கள் யாராவது சொல்வார்கள். புரியாது. எந்தத் தகவல் எப்போது நம் காதில் விழ வேண்டும் என்ற கணக்கே அதில் கலைந்துவிடுகிறது.

டிவி சேனலில் போடும்போது பார்ப்பதையும் தவிருங்கள். விளம்பரம் ஒரு பக்கம், கெட்ட வார்த்தை என்று சப்டைட்டிலில் நட்சத்திரக் குறி போடுவது இன்னொரு பக்கம். சில இடங்களில் வாக்கியத்தின் பாதியே காணாமல் போகும்.

2. சப்டைட்டில்

டப்பிங்கில் பார்க்காதீர்கள். யார் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், யார் சட்டென்று இத்தாலிய மொழிக்குத் தாவுகிறார்கள் என்பதே இங்கே ஒரு செய்தி. டப்பிங்கில் எல்லோரும் ஒரே மொழி பேசிவிடுவார்கள்.

ஆங்கில சப்டைட்டிலில் பொதுவாக இரண்டு வகை இருக்கும். காது கேளாதவர்களுக்கானது என்று குறிப்பிட்டிருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதில் முகம் தெரியாதபோதும் பேசுகிறவர் பெயர் வரும். இருட்டு அறையில் நான்கு பேர் கோட்டு சூட்டோடு பேசும் படத்துக்கு அந்தப் பெயர்கள் பெரிய உதவி. குடும்பத் தலைவராக நடிக்கும் மார்லன் பிராண்டோ வாய்க்குள்ளேயே பேசுவார், அதற்கும் சேர்த்து.

முதல் பாகத்தில் ஓர் உணவகக் காட்சியில் இத்தாலியப் பேச்சு வரும், சப்டைட்டில் வராது. உங்கள் டிவி பழுது என்று நினைத்து ரிமோட்டைத் தட்டாதீர்கள். படத்திலேயே அங்கே மொழிபெயர்ப்பு போடவில்லை. தலைவரின் மகன் மைக்கேல் முகத்தை மட்டும் பாருங்கள், போதும்.

3. ஒரு தாள் எடுத்துப் பதவிகளை எழுதுங்கள்

இதுதான் முக்கியமான ஆவணம், செலவு ஒரு ஏ4 தாள். படம் தொடங்குமுன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.

மேலே ‘டான்’ என்று எழுதுங்கள். விட்டோ கோர்லியோன். குடும்பத்தின் தலைவர், கடைசிச் சொல் அவருடையது.

அவருக்குப் பக்கத்தில், கீழே அல்ல, ‘கன்சிலியேரி’ என்று எழுதுங்கள். டாம் ஹேகன். ஆலோசகர், வக்கீல், தூதர் மூன்றும் இவரே. துப்பாக்கி எடுக்க மாட்டார், ஆட்களை நேரடியாக ஏவ மாட்டார். எதிரிகள்கூட இவரைத் தொடாமல் பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவது இதனால்தான். மற்றவர்களைப் போல டாம் இத்தாலியின் சிசிலித் தீவுக்காரர் இல்லை. தெருவில் கிடந்த சிறுவனைச் சன்னி கூட்டிவர, விட்டோ வீட்டிலேயே வளர்த்தார். ‘பிள்ளை மாதிரி, ஆனால் பிள்ளை இல்லை’ என்ற இந்த நிலை படம் முழுக்க வேலை செய்கிறது. தொடக்கத்தில் அவர் முறைப்படி அந்தப் பதவிக்கு வந்திருக்கவும் இல்லை. பழைய கன்சிலியேரி ஜென்கோ மரணப்படுக்கையில் இருக்கும் காட்சியை எடுத்து, திரையரங்குப் பதிப்பில் வெட்டிவிட்டார்கள். “டாம் கன்சிலியேரி ஆகப்போகிறார் என்று நினைக்கிறேன்” என்று தங்கை கானியின் கல்யாணத்தில் மைக்கேல் சொல்வது ஏன் என்று குழம்ப வேண்டாம்.

டானுக்குக் கீழே இரண்டு பெயர்: கிளெமென்சா, டெசியோ. இவர்கள் காப்போக்கள். ஆளுக்கொரு பகுதி, ஆளுக்கொரு படை. கிளெமென்சா குண்டானவர், வாயாடி. டெசியோ உயரம், ஒல்லி, அதிகம் பேசாதவர். முதல் தடவை பார்க்கும் எல்லோரும் இந்த இரண்டு பேரை மாற்றி மாற்றி நினைத்துக்கொள்வார்கள். இவர்களை மட்டும் சரியாகப் பிரித்துவிட்டால் கடைசி அரை மணி நேரம் உங்களுக்குச் சொந்தம்.

அதற்கும் கீழே ஆட்கள்: பாலி, ராக்கோ, பின்னால் வரும் ஆல் நேரி. லூக்கா ப்ராசி இந்த ஏணியில் எங்கும் இல்லை. தாளின் ஓரத்தில் தனியாக எழுதி, விட்டோவுக்கு நேராக ஒரு கோடு போடுங்கள். வேறு யாருக்கும் அவர் கட்டுப்பட்டவர் இல்லை.

பிள்ளைகள் நால்வர்: சன்னி, ஃப்ரெடோ, மைக்கேல், கானி. கானியின் புருஷன் கார்லோ. மாப்பிள்ளை என்பதால் பெரிய பொறுப்பு கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர். அவருக்கு ஒரு பிழைப்பு கொடு, குடும்ப வியாபாரத்தைப் பற்றி மட்டும் அவரிடம் பேசாதே என்று விட்டோ சொல்லிவிடுவார். அந்த ஒரு வரியை மறக்காதீர்கள்.

தாளின் மறுபக்கத்தில் நியூயார்க்கின் மற்ற நான்கு குடும்பங்கள்: டட்டாலியா, பார்சினி, குனியோ, ஸ்ட்ராச்சி. கடைசி இரண்டு பெயர்களை எழுதி வைத்தால் போதும், மனப்பாடம் வேண்டாம். சொலோசோ இந்தக் குடும்பங்கள் எதற்கும் தலைவர் இல்லை. போதைப்பொருள் வியாபாரி, டட்டாலியாக்கள் பின்னால் நிற்கிறார்கள். அவர் பெயருக்குப் பக்கத்தில் ‘யார் ஆள்?’ என்று ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள்.

4. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று பெயர்

சன்னியும் சான்டினோவும் ஒருவரே. மைக், மைக்கி, மைக்கேல் ஒருவரே. ‘துருக்கியன்’ என்று சொன்னால் சொலோசோ. கிளெமென்சாவைப் பீட் என்பார்கள். டெசியோவை நெருங்கியவர்கள் சேலி என்பார்கள். கடைசியில் உயிர் போகிற ஒரு தருணத்தில் அந்தப் பெயர் வரும், யாரோ பெண்பிள்ளையைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துவிடுவீர்கள்.

காட்ஃபாதர் என்பது இரண்டு உறவைக் குறிக்கும். ஒன்று, நம் ஊர்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் சொல்லும் ஞானத்தந்தை. இன்னொன்று, காப்பாற்றுகிற பெரியவர். பாடகர் ஜானி ஃபான்டேன் விட்டோவின் ஞானமகன், அதனால்தான் அவருக்காக ஹாலிவுட் வரைக்கும் டாம் போகிறார். கடைசிக் காட்சிகளில் ஞானஸ்நானம் வரும்போதும் இது உதவும்.

5. கல்யாணக் காட்சியை நகர்த்தாதீர்கள்

முதல் அரை மணி நேரத்தில் பெரும்பகுதி கானியின் கல்யாணம்தான். ‘இன்னும் கதை ஆரம்பிக்கவில்லையே’ என்று பத்து வினாடி பொத்தானை அழுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். படத்தின் பேச்சு இலக்கணம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

சவ அடக்கத் தொழில் செய்யும் போனாசெரா வருகிறார். மகளை இரண்டு பையன்கள் அடித்து முகத்தைச் சிதைத்துவிட்டார்கள், அவர்களைக் கொல்ல வேண்டும், எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்கிறார். விட்டோவுக்குக் கோபம். காசு கொடுத்தால் அது கூலிவேலை, அத்தோடு கணக்கு முடிந்துவிடும். விட்டோவுக்கு வேண்டியது முடியாத கணக்கு. கையை முத்தமிட வைத்து, “ஒரு நாள் உன்னிடம் ஓர் உதவி கேட்பேன், அந்த நாள் வராமலும் போகலாம்” என்று அனுப்புகிறார். அந்த நாள் வரும். எப்போது, எதற்கு என்று கவனித்துக்கொண்டே பாருங்கள்.

போனாசெரா போனதும் விட்டோ டாமிடம், இதைக் கிளெமென்சாவிடம் கொடு, நிதானம் இழக்காத ஆட்களை அனுப்பச் சொல் என்பார். அதாவது அடிக்கலாம், கொல்லக்கூடாது. கட்டளை எப்படி இறங்குகிறது பார்த்தீர்களா? டானிலிருந்து டாம், டாமிலிருந்து கிளெமென்சா, அங்கிருந்து நமக்குப் பெயர் தெரியாத ஆட்கள். போலீஸ் பிடித்தாலும் நடுவில் யாராவது ஒருவர் வாயைத் திறக்காவிட்டால் மேலே ஏற முடியாது. உங்கள் தாளில் போட்ட கோடுகள் இதற்குத்தான்.

இங்கே நிறுத்துங்கள். படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

6. சன்னியின் ஒரு வாக்கியம்

விட்டோவை ஏன் சுட்டார்கள்? ‘போதைப்பொருள் வேண்டாம் என்றார், அதனால் சுட்டார்கள்’ என்பது பாதி பதில்தான். வேண்டாம் என்றவர்களை எல்லாம் சுட்டால் வியாபாரம் நடக்காது.

சொலோசோவுக்குத் தேவை 10 லட்சம் டாலர் ரொக்கமும், விட்டோ கைக்குள் இருக்கும் அரசியல்வாதிகளும் நீதிபதிகளும். பதிலுக்கு 30 சதவீதம். விட்டோ மறுக்கிறார்: சூதாட்டம் என்றால் என் அரசியல் நண்பர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள், போதைப்பொருள் என்றால் விலகிவிடுவார்கள். அப்போது சன்னி குறுக்கிடுகிறார்: எங்கள் முதலீட்டுக்கு டட்டாலியாக்கள் உத்தரவாதம் தருவார்களா என்கிறார். விட்டோ உடனே பையனை அடக்கிவிட்டு, குழந்தைகளுக்குச் செல்லம் கொடுத்துவிட்டேன், கேட்க வேண்டிய நேரத்தில் பேசுகிறார்கள் என்று விருந்தாளியிடம் சமாளிக்கிறார். பிறகு தனியே, வெளி ஆட்களிடம் நீ என்ன நினைக்கிறாய் என்று இனிமேல் காட்டாதே என்கிறார்.

அவ்வளவுதான், முடிந்துவிட்டது. அப்பா வேண்டாம் என்கிறார், மூத்த மகனுக்கு ஆசை இருக்கிறது. அப்பா இல்லாமல் போனால் மகன் தலைவர், வியாபாரமும் நடக்கும். சொலோசோவின் காதில் விழுந்தது இதுதான். ஊகம் இல்லை. விட்டோ சுடப்பட்ட பிறகு டாமைப் பிடித்து வைத்துக்கொண்டு, சன்னிக்கு இந்த வியாபாரத்தில் ஆர்வம் இருந்ததே என்று சொலோசோவே சொல்கிறார். அந்த இரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்கள், மொத்தம் பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

லூக்கா ப்ராசியின் குண்டு துளைக்காத சட்டையில் மீனைச் சுற்றி அனுப்புவதைக் கிளெமென்சாவே விளக்கிவிடுவார்: ஆள் கடலுக்கடியில். ‘மெத்தை’ பற்றிப் பேச்சு வந்தால், சண்டைக் காலத்தில் வாடகை வீடு பிடித்து ஆட்கள் தரையில் மெத்தை போட்டு ஒளிந்திருப்பது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

7. பார்சினிதான் என்று விட்டோவுக்கு எப்படித் தெரிந்தது?

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஐந்து குடும்பங்களின் சமாதானக் கூட்டம் முடிகிறது. காரில் போகும்போது விட்டோ, இத்தனை நாளும் பின்னால் இருந்தது பார்சினி, இன்றுதான் எனக்குத் தெரிந்தது என்கிறார். கூட்டத்தில் யாரும் அப்படி எதுவும் சொல்லவில்லையே என்று நாம் திகைக்கிறோம்.

நம் வீட்டுச் சம்பந்தப் பேச்சை நினைத்துப் பாருங்கள். மாப்பிள்ளையின் அப்பா மூன்று கோரிக்கை வைப்பார், மூலையில் இருக்கும் பெரிய மாமா “அதெல்லாம் இருக்கட்டும்ப்பா” என்பார், கோரிக்கை அங்கேயே செத்துவிடும். அந்த வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள் என்று பெண் வீட்டாருக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது கூட்டத்தை மறுபடி போடுங்கள். சண்டை கோர்லியோனுக்கும் டட்டாலியாவுக்கும். இருவருக்கும் ஆளுக்கொரு மகன் போயாயிற்று. ஆனால் விட்டோவின் செல்வாக்கில் எல்லோருக்கும் பங்கு வேண்டும் என்று வாதாடுவது பார்சினி. டட்டாலியா, நாளைக்குப் பழி வாங்கமாட்டேன் என்று விட்டோ கறாராக உறுதி தர வேண்டும் என்று கேட்கிறார். மகனைப் பறிகொடுத்தவர் கேட்பது நியாயம்தான். பார்சினி என்ன செய்கிறார்? நாமெல்லாம் விவரம் தெரிந்த மனிதர்கள், வக்கீல் மாதிரி உறுதிமொழி எல்லாம் எதற்கு என்று தள்ளிவிடுகிறார். டட்டாலியா மறுபேச்சு பேசவில்லை.

காரில் டாம் கேட்கும் கேள்வியையும் விடாதீர்கள். டட்டாலியாவின் ஆட்களைச் சந்திக்கும்போது, போதைப்பொருள் இடைத்தரகர்கள் போலீஸ் பதிவு இல்லாதவர்களாக இருக்க வேண்டும் என்று வற்புறுத்தட்டுமா என்கிறார். சொல், வற்புறுத்தாதே, பார்சினிக்கு அது சொல்லாமலே தெரியும் என்கிறார் விட்டோ. டட்டாலியாவைச் சொல்கிறீர்களா என்று டாம் திருத்துகிறார். டாமுக்கு இன்னும் பிடிபடவில்லை. நமக்கும் பிடிபடாமல் போனதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று சொல்வதற்கே அந்தக் கேள்வியை வைத்ததுபோல் இருக்கும்.

அதே கூட்டத்தில் விட்டோவின் சத்தியத்தை வார்த்தை வார்த்தையாகக் கேளுங்கள். இந்தச் சமாதானத்தை உடைக்கிற ஆள் நானாக இருக்க மாட்டேன் என்கிறார், பேரப்பிள்ளைகள் மேல் ஆணையாக. என் குடும்பம் உடைக்காது என்று சொல்லவில்லை. அவர் இறந்த பிறகுதான் மைக்கேல் கை வைக்கிறார். சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

கார்லோவும் இங்கேயே தெளிந்துவிடுவார். கானியை அன்று அடித்தது வெறும் குடும்பச் சண்டை இல்லை. தங்கை அழுதால் சன்னி பாதுகாப்பு பார்க்காமல் பாய்ந்து வருவான் என்ற கணக்கு. சுங்கச்சாவடியில் ஆட்கள் தயாராக நின்றதற்கு வேறு காரணம் கிடையாது.

8. டாமை ஏன் ஒதுக்கினார்கள், டெசியோ ஏன் மாறினார்

சண்டைக் காலத்துக்கு ஏற்ற கன்சிலியேரி நீ இல்லை என்று மைக்கேல் டாமை விலக்கும்போது பலரும் அதை அவமானமாக மட்டும் பார்க்கிறார்கள். கொஞ்சம் அவமானம்தான். ஆனால் உடனே விட்டோ, இனி நடக்கப்போவதில் உனக்குப் பங்கு இருக்கக்கூடாது, அதற்குக் காரணங்கள் இருக்கின்றன என்கிறார். வரப்போவது ஒரே நாளில் ஐந்து பெரிய தலைகளின் சாவு. வக்கீல் கை சுத்தமாக இருக்க வேண்டும். அதோடு டாமை இறக்கினால், வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குக் குடும்பம் தளர்ந்துபோனதாகத் தோன்றும். லாஸ் வேகாஸுக்கு ஜாகை மாற்றும் பேச்சும் அந்தத் தோற்றத்தைக் கூட்டுகிறது.

டெசியோ ஏமாந்தது அந்தத் தோற்றத்தில்தான். பார்சினியோடு சந்திப்பு என்று யார் வந்து சொல்கிறார்களோ அவர்தான் துரோகி என்று தோட்டத்தில் விட்டோ மைக்கேலிடம் சொல்லியிருப்பார். விட்டோவின் அடக்க நாளில் வந்து சொல்வது டெசியோ. கிளெமென்சாவாக இருக்கும் என்று நினைத்தேன் என்கிறார் டாம். டெசியோ எப்போதுமே கெட்டிக்காரர், கெட்டிக்காரர் செய்கிற காரியம்தான் இது என்கிறார் மைக்கேல். கோபமே இல்லை, கவனித்தீர்களா? தோற்கிற பக்கம் நிற்க விரும்பாத ஒருவரின் கணக்கு, அது தப்பிவிட்டது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ‘இது தனிப்பட்ட விஷயமில்லை, வியாபாரம்’ என்று இந்தப் படத்தில் ஆளாளுக்குச் சொல்வார்கள். அதை அப்படியே நம்பி, மாஃபியாக்காரர்கள் உணர்ச்சி கலக்காத வியாபாரிகள் என்று எழுதுகிறவர்கள் நிறைய. என் அபிப்பிராயம் நேர்மாறு. அப்பாவைச் சுட்டவனைக் கொல்லக் கிளம்பும்போதுதான் மைக்கேல் முதன்முதலாக அதைச் சொல்கிறார். அதைவிடத் தனிப்பட்ட விஷயம் என்ன இருக்கிறது? இந்த வரி வந்தால் அதை விளக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சொல்பவர் எதையோ மூடுகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

9. இரண்டாம் பாகம்: புதுத் தாள்

பழைய தாளை வைத்துக்கொண்டு இரண்டாம் பாகத்துக்குள் போனால் தடுமாறுவீர்கள். கிளெமென்சாவாக நடித்தவர் திரும்பி வரவில்லை, அதனால் அவர் இடத்தில் ஃபிராங்க் பெண்டாஞ்சலி என்று ஒருவரை உருவாக்கினார்கள். நியூயார்க் பகுதி இப்போது அவரிடம். அவருக்குக் குடைச்சல் கொடுப்பவர்கள் ரொசாட்டோ சகோதரர்கள். அவர்களுக்குப் பின்னால் மயாமியில் இருக்கும் ஹைமன் ராத். ராத்தின் தூதர் ஜானி ஓலா. இந்த ஐந்து பெயரைப் புதுத் தாளில் எழுதுங்கள். நடுநடுவே வரும் இளம் விட்டோவின் கதைக்குத் தாளே வேண்டாம், அது நேராகப் புரியும்.

தன் வீட்டுப் படுக்கையறையில் துப்பாக்கிச் சூட்டிலிருந்து தப்பிய மைக்கேல், ராத்திடம் போய் இதைச் செய்தது பெண்டாஞ்சலி என்கிறார். பெண்டாஞ்சலியிடம் போய், செய்தது ராத் என்கிறார். எது உண்மை? இரண்டாவது. முதலாவது, ராத்தை அசட்டையாக இருக்க வைப்பதற்காக. ரொசாட்டோக்களோடு சமாதானமாகப் போ என்று பெண்டாஞ்சலியிடம் சொல்வதும் அதற்குத்தான். பெண்டாஞ்சலி போகிறார், மதுக்கடையில் கழுத்தை நெரிக்கிறார்கள், நெரிப்பவன் “மைக்கேல் கோர்லியோன் வணக்கம் சொன்னார்” என்கிறான். ஒரு போலீஸ்காரர் தற்செயலாக உள்ளே வர, பெண்டாஞ்சலி பிழைத்துவிடுகிறார். மைக்கேல்தான் தன்னைக் காட்டிக்கொடுத்தார் என்று நம்பி அரசாங்கத்தின் சாட்சியாகிறார். மைக்கேல் அப்படிச் சொல்லி அனுப்பவில்லை. ஹவானாவில் அவரே ராத்திடம், கட்டளை கொடுத்தது யார், நான் கொடுக்கவில்லை என்று கேட்கிறார்.

ராத் அதற்குச் சொல்லும் பதில்தான் இரண்டு பாகங்களிலும் கடினமான பேச்சு. மோ கிரீன் என்ற இளைஞனைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார். என் நண்பன், ஒரு நகரத்தையே கற்பனை செய்து கட்டியவன், கண்ணில் குண்டு பாய்ந்து செத்தான், யார் கட்டளை என்று நான் கேட்கவில்லை, ஏனென்றால் அது வியாபாரத்தோடு சம்பந்தப்பட்டதல்ல. முதல் பாகத்தின் கடைசியில் மசாஜ் மேசையில் செத்தவர் நினைவுக்கு வருகிறாரா? அந்தக் கட்டளை மைக்கேலுடையது. நீ கொன்றாய், எனக்குத் தெரியும், நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே என்கிறார் ராத். பெண்டாஞ்சலி விஷயத்தில் அதைவிடத் தெளிவான ஒப்புதல் கிடைக்காது.

செனட் விசாரணையில் இரண்டு இடங்கள். சிச்சி என்பவர், தனக்கும் மைக்கேலுக்கும் நடுவே நிறைய ஆட்கள் இருந்தார்கள் என்று சாட்சி சொல்லும்போது கூட்டம் சிரிக்கிறது. கல்யாணக் காட்சியில் நீங்கள் கோடு போட்ட அதே ஏணிதான் அது. அடுத்து பெண்டாஞ்சலி. சாட்சி சொல்ல வந்தவர், சிசிலியிலிருந்து வந்த தன் அண்ணன் மைக்கேல் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மாற்றிச் சொல்கிறார். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. மிரட்டலா, மானமா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சாட்சி சொன்னால் அண்ணன் கண்ணில் நீ காட்டிக்கொடுத்தவன் ஆகிவிடுவாய் என்பதுதான் முக்கியம் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டையும் பிரிக்க அந்தப் படமே இடம் கொடுக்கவில்லை.

கடைசியில் டாம் போய்ப் பெண்டாஞ்சலியோடு ரோமாபுரிப் பேரரசர்களைப் பற்றிப் பழங்கதை பேசுகிறார். சதி தோற்றால் வீட்டுக்குப் போய், வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து நரம்பை அறுத்துக்கொள்வார்கள், குடும்பத்துக்குச் சொத்து தங்கும். இருவரும் புன்னகைக்கிறார்கள், கை குலுக்குகிறார்கள். கட்டளையும் ஒப்பந்தமும் அங்கே முடிந்துவிட்டன. பக்கத்தில் காவலர்கள் இருந்தாலும் குற்றமாக எழுதிக்கொள்ள அதில் ஒரு வார்த்தை இல்லை.

ஃப்ரெடோ விஷயத்துக்கு ஹவானா இரவு விடுதிக் காட்சிக்குப் போங்கள். ஜானி ஓலாவைத் தெரியாது என்று முன்பு சொன்னவர், குடித்த வாயோடு, இந்த இடத்தைக் காட்டியதே ஜானி ஓலாதான் என்று உளறுகிறார். கேமரா மைக்கேல் முகத்தில் நிற்கும். அவ்வளவுதான் ஆதாரம்.

10. விடை தேடக்கூடாத இடங்கள்

மைக்கேல் படுக்கையறையின் திரைச்சீலையைத் திறந்து வைத்தது யார் என்று படம் காட்டுவதில்லை. ஃப்ரெடோ ஏதோ உதவி செய்தார், கொலை முயற்சி நடக்கும் என்று தெரியாது என்கிறார், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதற்கு மணிக்கணக்கில் விளக்கம் சொல்லும் வீடியோக்களில் உட்காராதீர்கள். ஆரஞ்சுப் பழம் வந்தால் சாவு வரும் என்ற ஆராய்ச்சிக்கும் இதே பதில். பொழுதுபோக்காகப் பார்க்கலாம், யார் யாருடைய ஆள் என்ற கேள்விக்கு அதில் உதவி இல்லை.

இன்னும் ஆசை இருந்தால் மாரியோ பூஸோவின் 1969 நாவலைப் படியுங்கள். படத்துக்கு முன்னால் வேண்டாம், பின்னால். பழைய புத்தகக் கடையில் சல்லிசாகக் கிடைக்கக்கூடிய நாவல்தான். பார்சினியைச் சுடும்போது ஆல் நேரிக்குப் போலீஸ் உடை ஏன் அவ்வளவு பொருந்துகிறது என்பது அதில் இருக்கிறது, அவர் முன்னாள் போலீஸ்காரர். லூக்கா ப்ராசியைக் கண்டு எல்லோரும் ஏன் நடுங்குகிறார்கள் என்பதும் இருக்கிறது, சாப்பிடும்போது அந்தப் பகுதியைப் படிக்காதீர்கள்.

மூன்றாம் பாகம் 1990இல் வந்தது. அதையே இயக்குநர் கொப்போலா 2020இல் திரும்ப வெட்டி, தொடக்கத்தையும் முடிவையும் மாற்றி வெளியிட்டார். பார்ப்பதானால் 2020 பதிப்பை எடுங்கள். அதற்கும் ஒரு தாள் வேண்டும், வாத்திகன் வங்கிக் கணக்கு வருகிறது.